அம்மாவோடு இத்தாலி: ஆகஸ்ட் வெயிலும் ஒரு மாத்திரை டப்பாவும்

மருத்துவரான எனக்குக் கரூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41, வங்கியில் வேலை. அம்மாவுக்கு 68. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ரோமாபுரிப் பாடம் வந்தால் கரும்பலகையில் கொலோசிய அரங்கத்தை வரைந்து காட்டுவாராம். அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பாடத்தை முடிக்கவே மாட்டாராம். ஆனால் பாஸ்போர்ட் எடுத்ததே இப்போதுதான். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. மியூனிக்கில் இருக்கும் தம்பி, "அம்மாவுக்கு இத்தாலியைக் காட்டிவிடுவோம்" என்று ஆகஸ்ட் முதல் பத்து நாட்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார். ரோம், நேப்பிள்ஸ், பாம்பேய், ஃபுளோரன்ஸ், பீசா, சியன்னா, வெனிஸ், மிலான் என எட்டு ஊர்.

அம்மாவுக்கு 17 வருடமாகச் சர்க்கரை. காலை, இரவு இரண்டு வேளையும் கலப்பு இன்சுலின், சிரிஞ்சில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். கூடவே மெட்ஃபார்மின். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலி கூடினால் மருந்துக்கடையில் அசிக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். "பாதம் பஞ்சு மேல் வைத்த மாதிரி இருக்கிறது" என்று ஒரு வருடமாகச் சொல்கிறாராம்.

கேள்விகள் ஐந்து. பயணத்துக்குத் தகுதி என்று சான்றிதழ் தர முடியுமா? பத்து நாளும் காலை, மாலை வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா? கரூர் வெயிலையே பார்த்தவருக்கு ஐரோப்பிய வெயில் ஒரு பொருட்டா? பயணக் காப்பீட்டில் சர்க்கரையைக் குறிப்பிட வேண்டாம் என்கிறாரே ஏஜென்ட், சரியா? வீல்சேர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரி: "வெளியே போனால் பாத்ரூம் கிடைக்காது என்று அம்மா தண்ணீரே குடிக்க மாட்டார், அதனால் அந்தத் தொல்லை இல்லை."

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் நல்ல செய்தி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் அம்மா இத்தாலி போகக் கூடாது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. போக வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் இந்தத் திட்டத்தோடு, இந்த மாதத்தில், இந்த மாத்திரைகளோடு அப்படியே கிளம்புவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம்பி எங்கெல்லாம் போக விரும்புகிறார் என்று ஊர்வாரியாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா எதைப் பார்க்க விரும்புகிறார் என்று ஓர் இடத்திலும் இல்லை. எட்டு ஊர்த் திட்டத்துக்கு அம்மாவின் உடம்பை எப்படிப் பொருத்துவது என்று கேட்கிறீர்கள். நான் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

சான்றிதழ் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். நேரில் பார்க்காத ஒருவருக்கு நான் சான்றிதழ் தரக் கூடாது. அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கரூர் வெயிலும் ரோம் வெயிலும்

கரூரில் ஏப்ரல், மே மாத நண்பகலில் உங்கள் அம்மா எங்கே இருப்பார்? விடியற்காலையில் எழுந்து பத்து மணிக்குள் வெளிவேலையை முடித்திருப்பார். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே, பக்கத்தில் ஒரு சொம்பு மோர். நம் ஊரில் வெயிலைத் தாங்குகிறோம் என்று சொல்கிறோமே, உண்மையில் நாம் வெயிலிலிருந்து ஒதுங்கத்தான் நன்றாகப் பழகியிருக்கிறோம். சுற்றுலாப் பயணியாகப் போகிறவர் அந்த ஒதுங்கலை விட்டுவிடுகிறார். டிக்கெட்டில் 12.30 என்று போட்டிருந்தால் 12.30-க்கு வரிசையில் நிற்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஆகஸ்ட் தொடக்கத்தில் ரோமில் சூரியன் மறைய இரவு எட்டேகால், எட்டரை ஆகிவிடும். நம் கணக்கில் நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும். அங்கே மாலை ஐந்து மணிக்கும் உச்சி வெயில் போலச் சுடும். பகல் முழுக்கக் காய்ந்த கல்லும் சுவரும் இரவில்தான் சூட்டை விடும். ஃபுளோரன்ஸ் சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர், காற்று குறைவு. வெனிஸில் வெப்பநிலை எண் குறைவாகத் தெரிந்தாலும் ஈரப்பதத்தால் வியர்வை உலராது. 2023 ஜூலையில் ரோமில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. 2003-இல் ஐரோப்பா முழுவதும் வீசிய வெப்ப அலையில் பல்லாயிரக்கணக்கான முதியவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இத்தாலியச் சுகாதார அமைச்சகம் கோடை முழுவதும் 27 நகரங்களுக்கு வெப்ப எச்சரிக்கை வெளியிடத் தொடங்கியது. 0 முதல் 3 வரை நான்கு நிலைகள். 3 என்றால் சிவப்பு: ஆரோக்கியமானவர்களுக்கும் ஆபத்து. ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. பயணத்தில் தினமும் காலையில் தம்பி பார்க்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

நான் இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் கடைசியில் என் மாமியாரோடு, பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தின் இடிபாடுகளில் நடந்துகொண்டிருந்தேன். மதியம் ஒரு மணி. மேடும் பள்ளமுமான பெரிய கருங்கற்கள் பதித்த பழைய பாதை, ஒதுங்க நிழல் இல்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். களைப்பு என்று நினைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து ஏதோ கேட்டேன், பதில் பொருந்தாமல் வந்தது. கையைத் தொட்டால் அனலாகக் கொதித்தது. நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துண்டு போட்டு, கால் மணி நேரம் ஆனபிறகுதான் "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அன்று நான் கற்றது இது: வயதானவர்கள் வெயில் தாக்கும்போது "முடியவில்லை" என்று சொல்ல மாட்டார்கள், பேசுவதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் அம்மா பேச்சைக் குறைத்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். முதலில் சர்க்கரையைப் பாருங்கள், ஏனென்றால் சர்க்கரை இறங்கினாலும் இதே குழப்பம் வரும். சர்க்கரை சரியாக இருந்தும் குழப்பம் தீராவிட்டால், மயக்கம் வந்தால், உடம்பு கொதித்தால், 112-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். ஐரோப்பா முழுவதற்கும் அவசர எண் அதுதான்.

மாதத்தை மாற்ற முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மே மாதப் பிற்பகுதியில் ரோமிலும் ஃபுளோரன்ஸிலும் பகல் உச்சம் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தம்பிக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். பவேரியாவில் பெந்தகோஸ்து பண்டிகையை ஒட்டிப் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை உண்டே! ஆண்டுக்கு ஆண்டு தேதி நகரும், ஆனாலும் மே பிற்பகுதிக்கும் ஜூன் நடுப்பகுதிக்கும் இடையில்தான் பெரும்பாலும் வரும். அவரிடம் காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாது, ஆகஸ்ட்தான் என்றால், மேலே சொன்னதையும் கீழே சொல்லப்போவதையும் இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

வலி மாத்திரை வேண்டாம், காரணம் சொல்கிறேன்

உங்கள் கேள்விகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். சிறுநீரகத்தை ஒரு வடிகட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரத்தம் வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்ட்டான் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே இருக்காது. இதற்கு மேல், அம்மாவின் பிரஷர் மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும். வெயிலில் வியர்வையும் போகும். அம்மாவோ தண்ணீர் குடிக்க மாட்டார். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை, வரும் குழாய் சுருங்கிவிட்டது, போகும் குழாய் திறந்து கிடக்கிறது. 17 வருடச் சர்க்கரை ஏற்கெனவே தொட்டுப் பார்த்திருக்கக்கூடிய சிறுநீரகம் இதைத் தாங்குமா? வலி மாத்திரை, டெல்மிசார்ட்டான், நீர் பிரிக்கும் மருந்து மூன்றும் சேர்ந்து, வலியோ அறிகுறியோ இல்லாமல், சில நாட்களிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடும்.

அதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைப்பதா, அந்தப் பத்து நாளுக்கு மட்டும் நீர் பிரிக்கும் மருந்து இல்லாத மாத்திரைக்கு மாறுவதா என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். மெட்ஃபார்மினையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, பேதி வந்தால் எதை நிறுத்த வேண்டும் என்று அவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். முழங்கால் வலிக்கு, ஈரல் நன்றாக இருந்தால், பாராசிட்டமால் போதும். 24 மணி நேரத்தில் 3 கிராமைத் தாண்டக் கூடாது.

உண்மையில் முழங்காலுக்கு நல்ல மருந்து இன்று தொடங்கும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. எட்டு வாரம் செய்தால் தொடைத் தசை வலுவாகி முழங்காலின் பாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தைத் 'தொல்லை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய தொல்லையாகத் தெரிகிறது. நம் வீட்டுப் பெண்கள் பேருந்துப் பயணத்துக்காகப் பல வருடம் பழகிய பழக்கம் இது, அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் இத்தாலியில் வழி இருக்கிறது. தெருவுக்குத் தெரு 'பார்' என்று பெயர்ப்பலகை தெரியும். அம்மா அதைப் பார்த்ததும் தயங்குவார். அது நம் ஊர் பார் இல்லை, காபிக் கடை! காலையில் பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து நிற்கும் இடம். நின்றபடி ஒரு சின்னக் காபி குடித்துவிட்டு 'பாஞ்ஞோ' என்று கேட்டால் கழிப்பறையைக் காட்டுவார்கள். அருங்காட்சியகங்களில் உண்டு, பெரிய ரயில் நிலையங்களில் காசு கொடுத்துப் போகலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பார் என்று கணக்கு வைத்துக்கொண்டால் அம்மா தண்ணீர் குடிப்பார். உட்காரவும் இடம் கிடைக்கும்.

குடிதண்ணீருக்கு ரோமில் செலவே இல்லை. 1874-இலிருந்து தெருவோரங்களில் வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்கள் வைத்திருக்கிறார்கள். வளைந்த குழாய் மூக்கு போல இருப்பதால் 'நசோனே', பெரிய மூக்கு, என்று பெயர். ஊர் முழுக்க ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. தண்ணீர் நிற்காமல் ஓடும், சில்லென்று இருக்கும், பயமில்லாமல் குடிக்கலாம். குனிய வேண்டியதும் இல்லை. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து மேலெழும்பி வாய்க்கு நேராக வரும். அம்மாவுக்குப் பிடிக்கும்.

இன்சுலின்

இதைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்கேற்ற சிரிஞ்சும் 40-க்கு அளவு போட்டது. ஐரோப்பாவில் கிடைக்கும் இன்சுலின் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். அம்மாவின் குப்பி உடைந்து, அங்கே ஒன்று வாங்கி, நம் ஊர் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். உயிரே போய்விடும் தவறு அது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பேனா வகை இன்சுலினுக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேனாவில் திருகி எண்ணைப் பார்த்துப் போடுவதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. குப்பியிலேயே தொடர்வதானால் பத்து நாளுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கும் சிரிஞ்சுகளும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருடைய கைப்பையில் பிரித்து வையுங்கள். விமானத்தின் சரக்குப் பெட்டிக்குள் போடவே கூடாது. அங்கே உறைந்துபோகலாம், பெட்டியே வராமலும் போகலாம். பாதுகாப்புச் சோதனையில் மருத்துவர் கடிதத்தைக் காட்டினால் போதும்.

வெயிலில் கொண்டுபோக, நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகள் கிடைக்கின்றன. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கணக்கு. ஆனால் வெனிஸ் போன்ற ஈரமான ஊரில் குளிர்ச்சி குறையும், அதையும் நினைவில் வையுங்கள். ஹோட்டல் அறைக் குளிர்பெட்டியில் உறைபனித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் கதவில் வையுங்கள். ஒரு முறை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது.

அங்கே சாப்பாட்டு நேரமும் வேறு. பல உணவகங்களில் மதியம் மூன்று மணிக்குச் சமையலறையை மூடினால் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறப்பார்கள். அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பி, மேஜை கிடைக்க அரை மணி, சாப்பாடு வர அரை மணி என்று போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். நிறைய நடந்த நாளில், வெயிலில், இன்சுலின் இன்னும் வேகமாக வேலை செய்யும். சாப்பாடு வரும் நேரம் உறுதியான பிறகே ஊசி. பையில் குளுக்கோஸும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும். நடை கூடும் நாட்களில் எத்தனை யூனிட் குறைப்பது, மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் பயண நாள் ஊசியை எப்போது போடுவது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

பாதம்

'பஞ்சு மேல் வைத்த மாதிரி' என்பது சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்கள் சொல்லும் வார்த்தை. அந்தப் பாதத்தில் கல் உறுத்தினாலும் தெரியாது. ரோமின் பழைய தெருக்களில் கைப்பிடி அளவுக் கருங்கற்களைப் பதித்திருப்பார்கள், இடையிடையே இடைவெளி. செருப்பு போட்டு நடக்கவே கூடாது. முன்பக்கம் அகலமான, கட்டும் வசதியுள்ள மூடிய ஷூ இரண்டு ஜோடி வாங்கி, இப்போதிருந்தே வீட்டைச் சுற்றி நடந்து பழக்குங்கள். அம்மாவுக்குச் சேலையோடு ஷூ போடக் கூச்சமாக இருக்கலாம். நீங்களும் போட்டுக்கொண்டு கூடவே நடங்கள். தினமும் இரவில் பாதத்தின் அடியை நீங்களே விளக்கில் பாருங்கள். சிவந்திருந்தால் மறுநாள் நடை கிடையாது. அலுப்பு தீர வெந்நீரில் கால் வைக்கும் வழக்கம் வேண்டாம், கொப்புளம் வந்தபிறகுதான் சூடு அதிகம் என்றே தெரியும். என்னிடம் வரும் ஒருவர் ஐந்து நாள் சுற்றுலாவில் வந்த கொப்புளத்துக்கு நான்கு மாதம் கட்டுப் போட்டார்.

எட்டு ஊர் அல்ல, மூன்று

ரோமில் நான்கு இரவு, ஃபுளோரன்ஸில் மூன்று, வெனிஸில் மூன்று. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மிலான், பீசா, சியன்னா மூன்றையும் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

பாம்பேயை விடச் சொல்வதற்குத்தான் மனம் கஷ்டப்படுகிறது, அம்மா வரலாற்று ஆசிரியர் ஆயிற்றே. ஆனால் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய அந்த ஊர் முழுக்கத் திறந்தவெளி, நிழல் சொற்பம், உயர்ந்த கல் நடைமேடைகள். அதற்குப் பதிலாக நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் போங்கள். ரோமிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், செவ்வாய் விடுமுறை. பாம்பேயில் எடுத்த ஓவியங்களும் பொருட்களும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, 1938-இல் பாம்பேய் வீடு ஒன்றில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம், ஒரு பெண் உருவம். அமராவதி மணலில் ரோமானியக் காசைப் பற்றிப் பாடம் நடத்தியவர், அந்தப் பக்கம் போன நம் பக்கத்துப் பொருளைப் பார்க்க வேண்டாமா?

ரோமில் கொலோசியத்துக்குக் காலை முதல் நேரச் சீட்டு எடுங்கள். மேல்தளத்துக்கு லிஃப்ட் உண்டு. ஃபோரத்துக்குள் இறங்கி நடப்பதற்குப் பதில், மாலையில் காம்பிதோலியோ குன்றின் பின்புற மேடையிலிருந்து பாருங்கள். மொத்த ஃபோரமும் கீழே விரிந்து கிடக்கும், கட்டணம் இல்லை, அம்மா அங்கே நின்று உங்களுக்குப் பாடமே நடத்தலாம். பகல் பன்னிரண்டு முதல் ஐந்து வரை அறை, தூக்கம், அல்லது தடித்த சுவருக்குள் இருக்கும் ஏதாவது தேவாலயம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி, சேலை கட்டியவருக்குப் பிரச்சினையே இல்லை.

ஃபுளோரன்ஸ் பெருங்கோயிலின் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு அது வேண்டாம். பிள்ளைகள் ஏறட்டும். உஃபிட்சி ஓவியக் கூடத்துக்குக் காலையில் போகலாம், திங்கள் விடுமுறை. வெனிஸில் கார் இல்லை, பெரும்பாலான பாலங்களில் படிகள். அதனால் விடுதியை எடுக்கும்போதே படகுத் துறையிலிருந்து பாலம் ஏறாமல் போகும்படி பாருங்கள். 1-ஆம் எண் படகில் உட்கார்ந்தால் பெருங்கால்வாய் முழுவதும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். மூன்று ஊரிலும் அறையில் ஏ.சி. இருக்கிறதா, கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். பழைய கட்டடங்களில் இரண்டும் இல்லாதவை நிறைய.

ஒரு மருத்துவராக எனக்குப் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். ரோமில் டைபர் ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மருத்துவக் கடவுள் அஸ்கிலிபியஸுக்குக் கோயில் இருந்த இடம். இன்றும் அங்கே மருத்துவமனை நடக்கிறது. ஃபுளோரன்ஸில் பெருங்கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, 1288-இல் தொடங்கிய சாந்தா மரியா நுவோவா மருத்துவமனை இன்னமும் நோயாளிகளைப் பார்க்கிறது. வெனிஸ் நகர மருத்துவமனைக்கு ஒரு மறுமலர்ச்சிக் காலப் பளிங்கு மாளிகை வழியாகத்தான் நுழைய வேண்டும், பக்கக் கால்வாயில் படகு ஆம்புலன்ஸ் நிற்கும். மூன்றையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள். அவசரத்துக்கும் உதவும், அம்மாவுக்குக் காட்டவும் உதவும்.

காப்பீடும் வீல்சேரும்

ஏஜென்ட் சொன்னது தவறு. இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதை விசாவுக்கான காகிதமாக மட்டும் பார்த்து மலிவானதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சர்க்கரையை மறைத்து எழுதினால், நாளை லோ சுகர் ஆகி மருத்துவமனையில் சேர்த்தால், பழைய நோயை மறைத்ததாகச் சொல்லிப் பணம் தர மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். அவசரச் சிகிச்சையை இத்தாலியில் யாருக்கும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அது வெளிநாட்டுப் பயணிக்கு இலவசம் என்று நினைக்காதீர்கள், பில் வரும். முன்பே இருக்கும் நோய்க்கு எந்த அளவு பொறுப்பேற்கிறார்கள் என்று பாலிசியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து, கூடுதல் பிரீமியம் கட்டியாவது சரியானதை எடுங்கள். மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும். நம் ஊர்ச் சீட்டை அங்கத்திய மருந்துக்கடைகள் ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.

வீல்சேர் நோயாளிக்கு என்று அம்மா நினைக்கிறார். ஐரோப்பிய விமான நிலையங்களில் நடக்கச் சிரமப்படுபவருக்கு இலவசமாக உதவ வேண்டும் என்பது 2006-இல் போட்ட சட்டம். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெரிய ரயில் நிலையங்களிலும் முன்பதிவு செய்தால் உதவி உண்டு. "நடக்க முடியாதவர்" என்று அம்மாவிடம் பேச்சைத் தொடங்காதீர்கள். "ஏர்போர்ட்டில் ஒரு கிலோமீட்டர் நடந்து காலை வீணாக்காமல், அந்தத் தெம்பைக் கொலோசியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்மா" என்று சொல்லிப் பாருங்கள். வெளியில் சுற்றும்போது வீல்சேர் வேண்டாம் என்றால், விரித்து உட்காரும் சின்ன மடக்கு நாற்காலியைத் தம்பி தூக்கிக்கொள்ளட்டும்.

இனி மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியவை: சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ஈ.சி.ஜி., விழித்திரைப் பரிசோதனை, பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று இழை வைத்துப் பார்க்கும் பரிசோதனை. கிரியாட்டினின் முடிவு வரும்வரை விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் அவசரமும் இல்லை. அதற்குள் ஒரு சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்தே ஆக வேண்டிய நான்கு இடங்களை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும் எனக்கு அனுப்புங்கள், நாள்வாரியாக எவ்வளவு நடை என்று சேர்ந்து பிரித்துப் பார்க்கலாம்.